எவர்சில்வரா, அலுமினியமா? ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

மாடிப்படிக் கைப்பிடியோ ஜன்னல் சட்டமோ, பட்டறைக்குப் போனதும் வரும் முதல் கேள்வி, "எஸ்.எஸ்.ல (எவர்சில்வர்ல) போடலாமா, அலுமினியத்துல போடலாமா?" இப்படிக் கேட்பதே முதல் தவறு. இரண்டுமே குடும்பப் பெயர்கள்தான். எவர்சில்வரில் 202, 304, 316, 430 என்று பல ரகம் உண்டு. அலுமினியத்தில் ஜன்னல் சட்டத்துக்கு வருவது பெரும்பாலும் 6063. பாரம் தாங்கும் பாகங்களுக்கு 6061. கிரேடு எண் தெரியாமல் ஒப்பிடுவது வீண் பேச்சு.

"எவர்சில்வர்தான் வலு" என்று எல்லோரும் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். சாதாரண 304 தகடு சுமார் 215 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். சூட்டுப் பதம் ஏற்றிய 6061-டி6 அலுமினியம் சுமார் 275 வரை தாங்கும். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் அதுவும் தவறு. வளையத் தொடங்கிய பிறகும் 304 உடையாமல் நிறைய நீளும். 6061 அவ்வளவு நீளாமலே முறிந்துவிடும். அடி வாங்கும் இடத்தில் எவர்சில்வருக்கு இருக்கும் நல்ல பெயர் இதனால்தான்.

அதிகம் பேர் குழம்புவது வலிமைக்கும் விறைப்புக்கும் இடையில். எவ்வளவு பாரத்தில் சேதமாகும் என்பது வலிமை. பாரம் வைத்ததும் எவ்வளவு தொய்யாமல் நிற்கும் என்பது விறைப்பு. விறைப்பைக் காட்டும் மீள்மை எண் 304-க்குச் சுமார் 193 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 69. விலை உயர்ந்த அலுமினியக் கலவை வாங்கினாலும் இந்த 69 பெரிதாக ஏறாது. அலமாரித் தட்டு தொய்கிறது என்று 6063-ஐ விட்டு 6061-க்கு மாறுவது காசைக் கரைக்கும் வேலை. மாற்ற வேண்டியது தடிமனை. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்; அதாவது தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 2 மில்லிமீட்டர் 304 தகடு ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 16 கிலோ. அதே அளவில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 8 கிலோதான் வரும். விறைப்போ எவர்சில்வரைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல். கிலோ விலையை மட்டும் பார்த்துப் பேரம் பேசுகிறவர்கள் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான். ஒரு கிலோ அலுமினியம், ஒரு கிலோ எவர்சில்வரைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இடத்துக்கு வரும். விலையைக் கிலோவுக்குக் கேட்காதீர்கள், முடிந்த பொருளுக்குக் கேளுங்கள்.

அடுத்து, கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பது. ஒட்டவில்லை என்றால் 304 என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நிக்கல் குறைந்த 202-லும் காந்தம் ஒட்டாது. அசல் 304-ஐ அழுத்தி வளைத்த மூலையில் லேசாக ஒட்டவும் செய்யும். காந்தம் நன்றாக ஒட்டும் 430-ஐ மட்டும் பிரித்துக் காட்டும் சோதனை அது. நம்ப வேண்டியது, உலோகத்தைத் தயாரித்த ஆலை தரும் மில் சான்றிதழைத்தான்.

துரு விஷயத்துக்கு வருவோம். "எவர்சில்வர் துருப்பிடிக்காது" என்று நம்பிக் கடற்கரை வீட்டில் 304 கைப்பிடி போட்டால், கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளிகள் வரும். உப்பில் இருக்கும் குளோரைடு அதன் மேற்பரப்பில் குழி பறிக்கிறது. மாலிப்டினம் சேர்ந்த 316 அங்கே எவ்வளவோ மேல். உப்புக் காற்று வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். டைல்ஸ் ஒட்டி முடித்து ஆசிட் ஊற்றிக் கழுவும்போது தெறிக்கிற துளிகளே போதும். இரும்பு கிரில் அறுத்த அதே கிரைண்டிங் வீலை எவர்சில்வரில் வைத்தால் இரும்புத் துகள் ஒட்டித் துருப்பிடிக்கும். பழி எவர்சில்வர்மேல் விழும். அலுமினியத்தின் எதிரி ஈரச் சிமெண்ட். அதன் காரத்தன்மை அலுமினியத்தின் பாதுகாப்புப் படலத்தைக் கரைத்துவிடும். பூச்சு வேலை முடியும்வரை ஜன்னல் சட்டத்தின் டேப்பை உரிக்க விடாதீர்கள்.

இரண்டையும் சேர்த்து முடுக்கும்போதும் ஒரு விஷயம் உண்டு. ஈரம் இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன எஸ்.எஸ். திருகு என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது, நடுவில் நைலான் வாஷர் இருந்தால் நல்லது. பெரிய எஸ்.எஸ். தகட்டில் அலுமினிய ரிவெட் அடிப்பது மட்டும் கூடவே கூடாது. அரிப்பு மொத்தமும் அந்தச் சின்ன ரிவெட்மேல் குவியும்.

கடைசியாக வெல்டிங். மேலே சொன்ன 275-ஐ நம்பி 6061-டி6-இல் சட்டம் செய்து வெல்டிங் வைத்தால், வெல்டிங் பற்றுக்குப் பக்கத்தில் சூட்டுப் பதம் போய்விடும். அங்கே வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறையும். பாரம் அதிகம் விழாத இடத்தில் பற்று வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் போல்ட் போட்டு இணைக்கச் சொல்லுங்கள்.