குறைந்த செலவில் வாட்டர்கலர் செட்: எத்தனை நிறம் என்று எண்ணாதீர்கள், என்ன நிறமி என்று பாருங்கள்

12 நிறம் உள்ள பெட்டியும் 48 நிறம் உள்ள பெட்டியும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கை தானாக 48-க்குத்தான் போகும். அங்கேதான் காசு வீணாகிறது. வாட்டர்கலரில் செலவு பிடிப்பது நிறமி, அதாவது நிறத்தைத் தரும் தூள். அதைக் காகிதத்தில் ஒட்டவைப்பது அரபிப் பிசின். காய்ந்து வெடிக்காமல் காப்பது கிளிசரின் அல்லது தேன். அதே விலைக்கு நான்கு மடங்கு வில்லைகள் (காய்ந்த வண்ணக் கட்டிகள்) தரவேண்டும் என்றால், நிறமியைக் குறைத்துச் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பியைக் கூட்டுவதுதான் தயாரிப்பவருக்குள்ள எளிய வழி. பெட்டியில் பளபளவென்று இருக்கும் நிறம் காகிதத்தில் சாக்பீஸ் தேய்த்த மாதிரி வெளிறிப் போவது இதனால்தான்.

வாழ்த்து அட்டை, புத்தகக்குறி, காகிதப்பூ, மரத்துண்டில் சின்னச் சின்ன ஓவியம் என்று கைவேலை செய்பவர்களுக்கும் பொழுதுபோக்குக்கு வரைபவர்களுக்கும் இந்த விளக்கம். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கழுவுவது என்பதற்குள் போகவில்லை.

படி 1: எதன்மேல் பூசப் போகிறீர்கள்?

காகிதம், அட்டை, மெருகிடாத களிமண், மணல்தாள் போட்டுத் தேய்த்த மரம் ஆகியவை தண்ணீரை உறிஞ்சும், அதனால் வாட்டர்கலர் பிடிக்கும். பிளாஸ்டிக், கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் ஆகியவற்றில் முத்து முத்தாக உருண்டு நிற்கும். துணியில் பூசினால் முதல் சலவையிலேயே போய்விடும். துணிக்கென்று தனிப் பெயின்ட் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

படி 2: வில்லையா, ட்யூபா?

சின்னச் சின்ன வேலைகளுக்கு வில்லைதான் என் தேர்வு. அரை வில்லை என்று சொல்வதில் ஏறக்குறைய 2 மி.லி. வண்ணம் இருக்கும். அட்டைகள் மட்டும் செய்பவருக்கு அது பல மாதம் வரும். பெரிய தாள் முழுக்க ஒரே நிறத்தை ஓடவிடுபவர்களுக்கு ட்யூப் சரி. வில்லையைத் தேய்த்துத் தேய்த்து அவ்வளவு வண்ணம் எடுப்பதற்குள் முதலில் பூசிய இடம் காய்ந்துவிடும்.

பெட்டி வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: வில்லைகள் தனித்தனியாகக் கழன்று வருகின்றனவா? ஒரே பிளாஸ்டிக் தட்டில் வார்த்த பெட்டியில் தீர்ந்துபோன நீலத்துக்குப் பதில் வேறு நீலத்தை வைக்க முடியாது. கழற்றக்கூடிய பெட்டி என்றால், வண்ணம் தீர்ந்த பிறகும் பெட்டி உங்களிடம் இருக்கும். நீண்ட நாள் கணக்கில் மலிவு அதுதான்.

படி 3: நிறமி எண்ணைப் படியுங்கள்

தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ட்யூபின் பின்பக்கத்திலோ வில்லையைச் சுற்றிய தாளிலோ இரண்டு மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் சிறிதாக அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து 'பி' (P), அதாவது பிக்மென்ட், நிறமி. அடுத்த எழுத்து நிறக்குடும்பம்: ஒய் (Y) மஞ்சள், ஆர் (R) சிவப்பு, பி (B) நீலம், ஜி (G) பச்சை, வி (V) ஊதா, டபிள்யூ (W) வெள்ளை. பி.பி.29 (PB29) என்றால் அல்ட்ராமரின் நீலம். எந்த நாட்டில் தயாரித்த எந்த நிறுவனத்தின் பெட்டியானாலும் பி.பி.29 அதே நிறமிதான். மூடியில் இருக்கும் பெயர் அப்படியல்ல. 'ஸ்கை ப்ளூ', 'லீஃப் கிரீன்' என்றெல்லாம் யாரும் எதற்கும் பெயர் வைக்கலாம்.

எண்ணைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, எத்தனை நிறமி? ஒரே எண் இருந்தால் நல்லது. மூன்று நிறமி கலந்த பச்சையோடு மூன்று நிறமி கலந்த சிவப்பைச் சேர்த்தால் உங்கள் தட்டில் ஆறு நிறமி. ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட, மிஞ்சுவது சேற்று நிறம். "நான் எதைக் கலந்தாலும் பழுப்பாகிறது" என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. கலவையில் மொத்தம் மூன்று நிறமிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டு, வெள்ளை ஒளிந்திருக்கிறதா? மஞ்சளிலோ இளநீலத்திலோ பி.டபிள்யூ.6 அல்லது பி.டபிள்யூ.4 இருந்தால் வெள்ளை கலந்திருக்கிறது என்று பொருள். பால் ஊற்றிய மாதிரி மங்கல் வரும். அடியில் இருக்கும் பென்சில் கோடும் காகிதத்தின் வெண்மையும் மறைந்து, வாட்டர்கலருக்கே உரிய ஒளி போய்விடும்.

'ஹியூ' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 'காட்மியம் எல்லோ ஹியூ' என்றால் காட்மியம் இல்லாமல், அதே தோற்றம் வரும்படி வேறு நிறமியில் செய்தது. விலை குறைவு. காட்மியம் கலக்காததால் வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் நிம்மதி.

நிறமி எண்ணே எங்கும் இல்லாத பெட்டி? பழகுவதற்கு, குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுப்பதற்குப் போதும். சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

படி 4: பெட்டியில் மஜெந்தா இருக்கிறதா?

மலிவுப் பெட்டிகளில் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. மஞ்சள் இரண்டு, பச்சை மூன்று, பழுப்பு இரண்டு இருக்கும். சிவப்பு மட்டும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்ததாகவே இருக்கும். அதோடு நீலத்தைக் கலந்து ஊதா செய்யப் பார்த்தால் கத்தரிக்காய்த் தோல் கருகின மாதிரி ஒரு நிறம் வரும். கையில் தவறில்லை. ஆரஞ்சுச் சிவப்பு நீல ஒளியை விழுங்கிவிடுகிறது, நீலம் சிவப்பு ஒளியை விழுங்குகிறது, ஊதாவுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மஜெந்தா என்னும் ஊதாச் சிவப்பு, பச்சை ஒளியை மட்டும் விழுங்கிச் சிவப்பையும் நீலத்தையும் விட்டுவைக்கிறது. அதனால்தான் அதில் தெளிவான ஊதா பிறக்கிறது.

இதற்காகப் பெரிய செட்டுக்குத் தாவ வேண்டாம். 12 நிறச் செட்டோடு பி.வி.19 (குயினாக்ரிடோன் ரோஸ்) அல்லது பி.ஆர்.122 (குயினாக்ரிடோன் மஜெந்தா) ஒரு சின்ன ட்யூப் தனியாக வாங்குங்கள். மலர் வரைபவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. பி.வி.19 இரண்டு பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு கலந்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஆறே ஆறு நிறம் போதும் என்பவர்களுக்கு என் பட்டியல்: பி.ஒய்.3 (எலுமிச்சை மஞ்சள்), பி.ஒய்.42 (மஞ்சள் ஓக்கர்), பி.வி.19, பி.பி.29, பி.பி.15 (தாலோ நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). இதில் கருப்பு இல்லை, தேவையும் இல்லை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் உயிருள்ள கருஞ்சாம்பல் கிடைக்கும். தாலோ நீலம் வலுவானது, ஜாக்கிரதை. பச்சை செய்யும்போது மஞ்சளில் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்க ஆரம்பித்தால் மஞ்சள் வில்லை முழுக்கக் கரைந்தாலும் பச்சை வெளுக்காது.

வெள்ளைக்கு, பெட்டியில் வரும் வெள்ளை வில்லையை நம்ப வேண்டாம். வெள்ளை கோவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வாட்டர்கலர்) ஒரு ட்யூப் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணின் ஒளிப்புள்ளி, பனித்துளி, கருப்பு அட்டையில் எழுத்து எல்லாவற்றுக்கும் அதுதான் எடுபடும்.

படி 5: வெயில் தாங்குமா?

வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் ட்யூப்களில் இதற்கு ஏஏ, ஏ, பி, சி என்று குறி இருக்கும். முதல் இரண்டும் நிலைக்கும். ராயல் டாலென்ஸ் நிறுவனம் கூட்டல் குறி போடுகிறது: மூன்று கூட்டல் என்றால் அருங்காட்சியக வெளிச்சத்தில் குறைந்தது 100 ஆண்டு, இரண்டு என்றால் 25 முதல் 100 ஆண்டு. ஏ.எஸ்.டி.எம். (தரநிலை வகுக்கும் அமைப்பு) என்று போட்டு ரோமன் எண்ணில் ஒன்று, இரண்டு என்றிருந்தாலும் நல்லதே.

கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்பு, ஒளிர் ஆரஞ்சு ஆகியவற்றில் சாயம் கலந்திருக்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும். பிறந்தநாள் அட்டைக்குப் பரவாயில்லை. சுவரில் மாட்டுவதற்குத் தொடாதீர்கள்.

படி 6: எந்த செட்?

தொடங்குபவர்களுக்கு என் முதல் பரிந்துரை வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மேன் அல்லது ராயல் டாலென்ஸின் வான்கோ, 12 அரை வில்லைப் பெட்டி. இரண்டும் மாணவர் தரம், இரண்டிலும் நிறமி விவரம் கிடைக்கும், வில்லைகளைத் தனியாக வாங்கி மாற்றலாம். வெளியே கொண்டுபோய் வரைய சகுரா கொய் பெட்டி வசதி, தண்ணீர் நிரப்பும் பிரஷ் கூடவே வரும். ரஷ்யாவின் ஒயிட் நைட்ஸ் முழு வில்லையாக வரும், நிறம் செறிவானது. அதில் சில நிறங்கள் வெயில் தாங்காதவை என்பதால் படி 5-ஐ மறக்க வேண்டாம்.

அட்டை, அலங்கார வேலை மட்டுமே நோக்கம் என்றால் குரெடாக்கே நிறுவனத்தின் கான்சாய் தம்பி (Gansai Tambi) செட் நல்ல தேர்வு. ஜப்பானிய வகை, வில்லை பெரியது, கெட்டியாகப் பூசினால் பளபளப்பு வரும், நிறத்தாளிலும் ஓரளவு தெரியும். மெல்லிய அடுக்குகளாகப் பூசிப் பழக அது உதவாது.

படி 7: வாங்கியதும் அரைமணி நேரச் சோதனை

- நல்ல தாளில் தண்ணீர் போகாத கருப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, காய்ந்தபின் எல்லா நிறத்தையும் அதன் குறுக்கே பூசுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் அந்த நிறம் ஒளி ஊடுருவுவது. கோட்டின்மேல் வெள்ளைப் படலம் படிந்தால் நிரப்பியோ வெள்ளை நிறமியோ அதிகம்.
- நன்றாகக் காய்ந்ததை விரலால் தேயுங்கள். விரலில் தூள் ஒட்டினால் பிசின் போதவில்லை.
- ஈரப் பிரஷ்ஷால் ஒரு பகுதியைத் தேய்த்து டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். எது அழியும், எது கறையாகத் தங்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாலோ நீலம் தங்கும், அல்ட்ராமரின் ஓரளவு வந்துவிடும்.
- இன்னொரு துண்டில் எல்லா நிறத்தையும் பட்டையாகப் பூசி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுக்கும்போது எதை நம்பலாம் என்பது கண்ணுக்கே தெரியும்.

காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

கையில் இருக்கும் பணத்தில் பாதியைத் தாளுக்கு ஒதுக்குங்கள் என்பேன். நல்ல வண்ணம் மோசமான தாளில் தோற்கும். சுமாரான வண்ணம் நல்ல தாளில் தலைநிமிர்ந்து நிற்கும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்ட் பிரஸ் (cold press, லேசான சொரசொரப்புள்ள) தாள் வாங்குங்கள். ஓவியத்துக்கு முழுப் பருத்தி, அட்டைக்கும் புத்தகக்குறிக்கும் மரக்கூழ்த் தாள் போதும். பிரிண்டர் தாளில் சோதித்துவிட்டு வண்ணத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தத் தாள் ஈரம் பட்டதும் சுருண்டு, நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிரஷ் ஒன்றே போதும்: செயற்கை மயிர், உருண்டை, 8-ஆம் எண், நனைத்தால் நுனி ஊசியாகக் கூட வேண்டும். தண்ணீருக்கு இரண்டு டம்ளர் வையுங்கள், ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக எடுக்க.

பின்சேர்க்கை 1: புதுத் தட்டில் வண்ணம் உருண்டு உருண்டு நிற்கிறது

வண்ணம் கெட்டதல்ல. புதுப் பிளாஸ்டிக்கின் வழவழப்பில் தண்ணீர் பரவாது. பற்பசையைத் தடவி மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் சரியாகும். பீங்கான் தட்டு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

பின்சேர்க்கை 2: ட்யூப் வண்ணத்தைக் காலி வில்லைக் கிண்ணத்தில் ஊற்றிக் காயவைத்தால் வெடித்து உதிர்கிறது

ஒரே தடவையில் முழுக்க நிரப்பினால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே சுருங்கி வெடிக்கும். மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழியை எடுத்து, ஒன்றிரண்டு நாள் காயவிட்டு அடுத்த அடுக்கை ஊற்றுங்கள். அப்படியும் வெடித்தால் ஒரு கிண்ணத்துக்கு ஒரு சொட்டு கிளிசரின் போதும். கூடினால் பிசுபிசுவென்று காயாமலே கிடக்கும். தேன் கலந்த வண்ணத்துக்கு அந்தச் சொட்டும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் பெட்டியை ஈரத்தோடு மூடாதீர்கள். பிசினும் தேனும் பூஞ்சைக்கு விருந்து. ஓர் இரவு திறந்து வையுங்கள்.

பின்சேர்க்கை 3: மேலே வார்னிஷ் பூசினால் படம் கலைந்துவிடுகிறது

வாட்டர்கலர் காய்ந்தபின்னும் தண்ணீரில் கரையும். தண்ணீர் கலந்த வார்னிஷையோ கைவேலைப் பசையையோ நேராகப் பிரஷ்ஷால் பூசினால் நிறம் இழுபட்டுக் கலையத்தான் செய்யும். படத்தை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு அக்ரிலிக் ஸ்பிரே வார்னிஷை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, காற்றோட்டமான இடத்தில், பனி படிந்தது போல மெல்லிய மூன்று அடுக்காக அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 நிமிடம் விடுங்கள். முதல் அடுக்கே சொட்டச் சொட்ட அடித்தால் பிரஷ் செய்த அதே கேட்டை ஸ்பிரேயும் செய்யும். மூன்று அடுக்கும் இறுகிய பிறகு, மரப்பெட்டியோ களிமண் பொம்மையோ, மேலே தண்ணீர் கலந்த வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசலாம். அதற்கும் முன்னால், அதே வண்ணம் பூசிய ஒரு துண்டுத் தாளில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.