கொம்பு இல்லாத புத்தகம்: குழந்தையின் முதல் தமிழ் வாசிப்புக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி

என் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழுக்கு வாரத்தில் சில பாடவேளைகள். மொரீஷியஸில் பாதித் தமிழ் வீடுகளில் இதுதான் கதை. அவள் முதல் வகுப்பில் தமிழ் எடுத்ததும், தமிழ்நாட்டுக்குக் கோவில் சுற்றுலா போன அத்தையிடம் ‘நல்ல படப் புத்தகமா பார்த்து வாங்கிட்டு வாங்க’ என்று சொல்லி அனுப்பினேன். பதினான்கு புத்தகம் வந்தது, எல்லாம் வழுவழுப்பான தாள், யானை, நரி, நிலா. அவள் படத்தைப் பார்த்தாள், மூடி வைத்தாள், அத்தோடு சரி. ஒரு வருடம் அலமாரியில் தூங்கிய பிறகுதான் அந்தப் பதினான்கில் பதினொன்று அவளால் வாசிக்கவே முடியாத புத்தகம் என்பது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். தெரியாதவர்கள் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

படி 1: காதுக்குத் தெரிந்த சொற்கள்

புத்தகம் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, குழந்தைக்கு ஏற்கெனவே காதில் விழுந்து பழகிய தமிழ்ச் சொற்களை எழுதுங்கள். ‘எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது’ என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உட்கார்ந்து எழுதினால் முப்பதைத் தாண்டியது: அம்மா, மாமா, சாமி, காவடி, கோவில், பூ, பால், கறி. கிரியோலுக்குள்ளேயே நம் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. ‘ரசோன்’ என்று அவள் கேட்டு வாங்கிக் குடிப்பது ரசம். ‘ப்ரெட் முரும்’ நம் முருங்கைக் கீரை, ‘பிபாங்காய்’ பீர்க்கங்காய். இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ரகசியமாகத் தமிழ் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

காது அறியாத சொல்லைக் கண் வாசித்தும் பயனில்லை. நுங்கு, வரப்பு, மாட்டுவண்டி என்று வரும் புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இங்கே வளரும் குழந்தை ஒவ்வொரு எழுத்தையும் சரியாகக் கூட்டிவிட்டு ‘அப்படின்னா?’ என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். இந்தப் பட்டியலில் இருந்து ஒரு பக்கத்துக்கு மூன்று சொல்லாவது வருகிற புத்தகம்தான் முதல் புத்தகம். பள்ளியில் தரும், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரித்த பாடநூலையும் அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது அது. தமிழ்நாட்டு முதல் வகுப்புப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே தமிழில் சண்டை போடத் தெரிந்த குழந்தைக்கு.

படி 2: கொம்பைப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

பிரெஞ்சு வாசிக்கக் கற்கும் குழந்தைக்கு ஒரே விதி: இடமிருந்து வலமாகப் போ, கண்ணில் படுவதை வரிசையாகச் சொல். தமிழில் துணைக்கால், சுழி, விசிறி மட்டும் வரும்வரை இந்த விதி ஓடுகிறது. ‘மாமா’, ‘பால்’, ‘கறி’ எல்லாம் தடையில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் (கெ, கே, கை) வந்ததும் விதி உடைகிறது. ‘மேகம்’ என்ற சொல்லில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது மகரத்தை. ‘கொ’ இன்னும் மோசம், பாதி முன்னால் நிற்கிறது, பாதி பின்னால் நிற்கிறது. என் மகள் ‘மேகம்’ என்பதில் முதல் கொம்பிலேயே நின்றுவிடுவாள். நான் ‘அதை விடு, அடுத்ததைப் பார்’ என்பேன். அடுத்த தடவை கொம்பை நிஜமாகவே விட்டுவிட்டு ‘மகம்’ என்பாள். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

தவறு என்னுடையது. நான் கொம்பைத் தனிச் சீட்டாக வெட்டி, ‘இது ஏ’ என்று கற்றுக்கொடுத்திருந்தேன். அது தனியாக ஒரு எழுத்தே இல்லை! சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றும் ஒரே படம் என்பதுபோல முழுச் சீட்டாக எழுதினேன். புத்தகத்தில் கொம்பு வரும் இடத்தில் கொம்பையும் எழுத்தையும் சேர்த்து அடியில் பென்சிலால் ஒரு வளைவு, தொட்டில் மாதிரி. இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. (குறிலுக்கு ஒரு கொம்பு, நெடிலுக்குச் சுழித்த கொம்பு என்று பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்பார்கள். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியாருக்கும் இதில் குழப்பம் இருந்திருக்கும் போல.)

ஆகவே முதல் பத்துப் புத்தகத்துக்கு என் விதி: ஒரு பக்கத்தைத் திறந்து கொம்புகளை எண்ணுங்கள், இரண்டுக்கு மேல் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ‘முருங்கை’யைக்கூட நான் தள்ளித்தான் வைத்தேன், அவள்தான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். கொம்பே இல்லாத வாசிப்புப் பொருள் எங்கே என்கிறீர்களா, உங்கள் பையில் இருக்கிறது. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதே! நூறு, ஐம்பது, ஆயிரம், ஒன்றிலும் கொம்பு இல்லை. கடைக்குப் போகும்போது அவள்தான் நோட்டை வாசித்துக் கொடுக்கிறாள். 1998-இல் வந்த நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியதற்கு நம்மவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். அவ்வளவு பாடுபட்ட எழுத்தைக் குழந்தை வாசிக்காமல் யார் வாசிப்பது?

படி 3: அச்சும் சொல் நீளமும்

கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம். ‘ரா’ என்ற எழுத்து வரும் இடத்தைத் தேடுங்கள். சில அச்சில் ரகரமும் துணைக்காலும் இரட்டைப் பிள்ளைகள், இரண்டு துணைக்கால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். வளைந்து நெளிந்த அலங்கார எழுத்தும் வேண்டாம்.

அப்புறம் பக்கத்திலேயே நீளமான சொல்லை எடுத்து எழுத்துகளை எண்ணுங்கள். ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்றால் பத்து. ஐந்துக்குமேல் போனால் தொடக்க வாசகருக்கு அது மலை.

ரோமன் எழுத்தில் உச்சரிப்பு போட்ட புத்தகத்தை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. இதில் நான் பிடிவாதக்காரி. குழந்தையின் கண் தெரிந்த எழுத்துக்குத்தான் போகும், தமிழ் வெறும் ஓரத்து அலங்காரமாகிவிடும். போதாததற்கு ‘புலி’யை ரோமனில் பார்த்து, பிரெஞ்சு மாதிரி உதட்டைக் குவித்து ‘ப்யூலி’ என்றாள். இருமொழிப் புத்தகம் வேறு, அதில் பொருள் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழைத் தமிழாகத்தான் வாசிக்க வேண்டும். சென்னையில் தூலிகா பதிப்பகம் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது, அத்தைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லி அனுப்பலாம்.

படி 4: இணையத்தில்

எனக்கு ஒன்றே போதும்: பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம். மொழியில் தமிழ், நிலையில் 1 என்று வடிகட்டுங்கள். பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கலாம், திறந்த உரிமம் என்பதால் அச்சடித்து நண்பர்களுக்கும் கொடுக்கலாம். பல கதைகள் பிரெஞ்சிலும் உண்டு. நான் முதலில் பிரெஞ்சில் கதையைச் சொல்லிவிட்டு மறுநாள் தமிழ்ப் பிரதியைக் கையில் கொடுக்கிறேன், கதை தெரிந்துவிட்டதால் பயம் போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை. அங்கே முதல் நிலை என்பது பெரும்பாலும் கதையின் அளவு, 250 சொல்லுக்குள். ஆங்கிலத்தில் இரண்டு சின்னச் சொல்லாக இருந்தது தமிழாகும்போது அந்தப் பத்தெழுத்து மலையாகிவிடும். ஆகவே நிலையை நம்பாமல் கொம்பையும் சொல் நீளத்தையும் நீங்களே எண்ணுங்கள். பிடித்த கதையில் சொல் கடினமாக இருந்தால் கணக்குத் தொடங்கி நீங்களே எளிதாக்கி இன்னொரு பிரதி செய்யவும் அங்கே வழியுண்டு.

பிடிஎஃப்-இல் இருந்து வரிகளை நகலெடுத்து ஒட்டாதீர்கள். பல நேரம் கொம்பு இடம் மாறி உதிர்ந்துபோய் வரும், நாம் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த அதே கொம்பு. நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எனக்குப் பிடித்த எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், இலவசம், அளவு 28. எழுத்து விளையாட்டுச் செயலிகள் ஐந்தாறு போட்டுப் பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், அவள் கற்றது பலூன் உடைக்க மட்டும்தான்.

பிற்சேர்க்கை 1

கத்ர் போர்ன் வாசகி ஒருவர், பாட்டியின் பழைய புத்தகத்தில் ‘லை’ எழுத்து யானைத் தும்பிக்கை வைத்ததுபோல் இருக்கிறது, அச்சுப் பிழையா என்று கேட்டிருந்தார். பிழையில்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் ணா, றா, னா போன்றவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. பாட்டியின் புத்தகத்தை மடியில் வைத்து நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், குழந்தையை வாசிக்கச் சொல்லாதீர்கள், இப்போதைக்கு.

பிற்சேர்க்கை 2: எழுத்து தெரியாத பெற்றோருக்கு

பக்கத்துத் தீவான ரெயூனியோனில் சேன்-ஆந்த்ரேயிலிருந்து ஒருவர், வீட்டில் யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாது, என்ன செய்வது என்று எழுதியிருந்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு உறவினரைப் பிடியுங்கள். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பி, பக்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு கேளுங்கள். முழுக் கதையையும் ஒரே பதிவாக வாங்காதீர்கள், குழந்தை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும், நாங்கள் அனுபவப்பட்டோம். சொல்லுக்குச் சொல் விரல் நகரும் வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் அத்தை முதல் தடவை செய்தி வாசிப்பவர் வேகத்தில் அனுப்பினார், மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.