நாலுக்கு நாலு: ஒரு விதியை மாற்றினால் ஆட்டம் எப்படி மாறும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பள்ளி மைதானங்களில் சாயங்காலம் இருபது பையன்கள் ஒரே கால்பந்தைத் துரத்துவார்கள். ஓரத்தில் நிற்பவன் காலில் பந்து படுவதே அபூர்வம். எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, அணிக்கு நாலு பேராக ஆட விடுங்கள்.

முதலில் கட்டம். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம்; ஆளுக்கு 75 சதுர மீட்டர் வரும். டேப் இல்லையா? பெரியவர் நடையில் சுமார் 40க்கு 27 எட்டு. கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள், மூலைக்குச் செருப்பு போதும். செங்கல் வைக்காதீர்கள், முட்டி பெயர்ந்துவிடும். இரண்டு பக்கமும் 2 மீட்டர் அகலக் கோல், கோல்கீப்பர் வேண்டாம். நாலு பந்தாவது கோட்டோரம் இருக்கட்டும். முள்ளுக்குள் போன பந்தைத் தேடப் போனால் பையன்களின் மூச்சு ஆறிவிடும், பயிற்சி வீண்.

4 நிமிட ஆட்டம், 2 நிமிட ஓய்வு, மொத்தம் நாலு சுற்று. ஏப்ரல், மே வெயிலில் ஐந்து மணிக்கு மேல் தொடங்கி, ஓய்வை 3 நிமிடமாக்கித் தண்ணீர் கொடுங்கள்.

முதல் சுற்றில் எந்த விதியும் வேண்டாம். வெளியே இருக்கும் பையன் ஒருவன் இரண்டை மட்டும் எண்ணட்டும்: சேர்ந்த பாஸ், பறிபோன பந்து. விசில் அடித்ததும் எல்லோரும் கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி நாடி எண்ணி, நாலால் பெருக்கட்டும்.

இரண்டாம் சுற்றில், கீழே சொல்வதில் ஒரே ஒரு விதி. இரண்டு விதிகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

பலரும் முதலில் எடுப்பது 'இரண்டு டச்' விதி: ஒருவன் பந்தை இரண்டு முறைதான் தொடலாம், அதற்குள் பாஸ் கொடுத்துவிட வேண்டும். பந்து வைத்திருப்பவனுக்கு நேரமில்லாததால் கூட்டாளிகள் ஓடிவந்து இடம் காட்டியே ஆக வேண்டும், ஓட்டம் கூடும். ஆனால் நம் சரளைத் தரையில் வரும் பாஸ் கடைசியில் ஒரு குதி குதித்து முட்டிக்கு ஏறும். அதை அடக்கவே இரண்டு டச்சும் தீர்ந்துபோகும், பாஸ் கொடுக்க மூன்றாவது இல்லை. பையன் பயந்து கண்ணை மூடி உதைப்பான். பறிபோன பந்து முதல் சுற்றைவிட மிகவும் ஏறினால் மூன்று டச்சாக்குங்கள், அல்லது தன் பாதியில் மட்டும் விதி என்று சொல்லுங்கள்.

கட்டத்தை 40க்கு 30 ஆக்கினால் நீண்ட ஓட்டம் வரும், நாடி ஏறும். 20க்கு 15 ஆக்கினால் ஓட்டம் குறையும். மோதலும் திரும்பலும் கூடும், யோசிக்க நேரமிருக்காது.

ஆளுக்கு ஆள் மார்க்கிங், அதாவது ஒவ்வொருவனும் எதிரணியில் ஒருவனையே விடாமல் காவல் காப்பதுதான் மூச்சை வாங்கும் விதி. 2 நிமிடத்தில் நிறுத்துங்கள். வேகமானவனுக்கு வேகமானவனையே ஜோடி சேருங்கள். இல்லையென்றால் ஒருவன் செத்துப்போவான், மற்றவன் நடந்துகொண்டிருப்பான்.

ஒன்பதாவது பையன் வந்தால் ஜோக்கர். பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆடுவான்; பாஸ் எளிதாகும், தடுப்பவர்களுக்கு வேலை கூடும். அவன் மட்டும் குறைவாக ஓடுவதால் சுற்றுக்கு ஒருவரை மாற்றுங்கள்.

மூன்றாம் சுற்றிலும் அதே விதி. நாலாவதில் எடுத்துவிட்டு, மறுபடி எண்ணச் சொல்லுங்கள். யாரும் கேட்காமலே இரண்டாம் டச்சில் பாஸ் போனால், அடுத்த வாரம் அடுத்த விதி.