முதல் கோடையில் பாஸ் மீன் பிடிக்க: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவில் முதல் குளிர்காலத்தைத் தாண்டியவர்களுக்கு ஜூன் மாதத்தில் தூண்டில் ஆசை வருவது வழக்கம். ரொறன்ரோவைச் சுற்றி எங்கே திரும்பினாலும் தண்ணீர். கரையில் நாலு பேர் தடியோடு நிற்பதைக் கண்டால் கை சும்மா இருக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பாஸ் (bass) என்ற நன்னீர் மீன்தான். படகு தேவையில்லை, உயிருள்ள இரை தேவையில்லை, கரையிலிருந்தே கிடைக்கும். கொத்தினால் தண்ணீருக்கு மேலே துள்ளிக் காட்டும். ஆனால் தடி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் வேறு ஒரு வேலை இருக்கிறது.

ஊரில் குளத்தில் தூண்டில் போட யாரிடமும் கேட்டிருக்க மாட்டோம். இங்கே 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு லைசன்ஸ் கட்டாயம். முதலில் 'அவுட்டோர்ஸ் கார்ட்' என்ற அட்டை. அது சுமார் 9 டொலர், 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் மீன்பிடி லைசன்ஸ். இதில் இரண்டு வகை உண்டு. 'ஸ்போர்ட்' எடுத்தால் கூடுதலாக மீன் வைத்துக்கொள்ளலாம். 'கன்சர்வேஷன்' விலை குறைவு, வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையும் குறைவு. தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான இடங்களில் முதல் வகைக்கு நாளொன்றுக்கு 6 பாஸ், இரண்டாவதற்கு 2. பிடித்ததை விட்டுவிடுகிறவர்களுக்கு இரண்டாவதே தாராளம். ஒருநாள் மட்டும் போய்ப் பார்க்க நினைத்தால், அட்டை இல்லாமலே ஒருநாள் லைசன்ஸ் எடுக்கலாம்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது கட்டண விஷயம். கடந்த 12 மாதங்களுக்குள் தொடர்ந்து 6 மாதமாவது ஒன்ராறியோவில் வாழ்ந்திருந்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம். மார்ச்சில் கனடாவில் வந்திறங்கியவர் ஜூலையில் லைசன்ஸ் எடுத்தால் வெளிநாட்டவர் கட்டணமே வரும். விலை உறுத்தினால் சில மாதம் பொறுத்து செப்டெம்பர் கடைசியில் எடுங்கள். இலையுதிர் காலம் பாஸுக்கு மோசமான காலம் இல்லை. குளிர் வருமுன் நன்றாகத் தின்னும்.

அடுத்தது பருவம். மாகாணத்தை 20 மீன்பிடி வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நகரத்துக்குள் இருக்கும் குளம் ஒரு வலயம், ஒன்ராறியோ ஏரி இன்னொன்று, கவார்த்தா ஏரிகள் வேறொன்று. தென்பகுதியில் பொதுவாக ஜூன் பிற்பாதியில் ஒரு சனிக்கிழமை பாஸ் பருவம் தொடங்கும். எந்தச் சனிக்கிழமை என்பது வலயத்துக்கு வலயம் மாறும். போகும் ஏரி எந்த வலயத்தில் இருக்கிறது, அதற்கு ஏதாவது விதிவிலக்கு உண்டா என்று மாகாண அரசின் அந்த ஆண்டு விதித் தொகுப்பில் பார்த்துவிட்டுப் போங்கள். பருவம் மூடியிருக்கும்போது 'பிடித்துவிட்டு விட்டுவிடுகிறேன்' என்ற சாட்டு எடுபடாது. பாஸைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வசந்தத்தில் ஆண் பாஸ் ஆழமற்ற இடத்தில் வாலால் பள்ளம் பறித்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். வன்னிக் குளங்களில் விரால் தன் பார்ப்போடு சுற்றுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதில்லை. காவல் நிற்கும் மீனைத் தூக்கிவிட்டால், அது திரும்பிப் போகும் சிறு இடைவெளியில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்று முடித்துவிடும்.

சரி, சாமான்களுக்கு வருவோம். பெரிய கடைகளில் லூர்கள், அதாவது செயற்கை இரைகள், சுவர் முழுக்கத் தொங்கும். கண்ணைப் பறிக்கும் நிறமெல்லாம் மீனுக்கு முன்னால் மனிதரைப் பிடிக்கச் செய்தவை. ஒரு தடி போதும்: 6 அடி 6 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள், 'மீடியம்' பலம், நுனி மட்டும் சட்டென்று வளையும் வகை. அதோடு 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். பேய்ட்காஸ்டர் என்று வேறு வகை ரீல் ஒன்றைக் காட்டுவார்கள். பழக்கம் இல்லாத கையில் அது நூலைக் குருவிக்கூடு ஆக்கிவிடும், இப்போதைக்கு வேண்டாம். ரீலில் 10 இறாத்தல் பாரம் தாங்கும் பின்னல் நூல், அதன் முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு 8 அல்லது 10 இறாத்தல் ஃபுளோரோகார்பன் என்ற வேறு வகை நூல். இரண்டு நூல் கட்டுவது சிரமமாக இருந்தால், 8 இறாத்தல் சாதாரண தங்கூசி நூலிலும் மீன் வரும்.

வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க விரும்பினால், ஒன்ராறியோ மீன்பிடிப்போர், வேட்டையாடுவோர் சம்மேளனம் நடத்தும் 'டேக்கிள் ஷேர்' திட்டத்தில் பல நூலகங்களிலும் பூங்காக்களிலும் தடியை இரவல் எடுக்கலாம். புத்தகம் எடுப்பது போலத்தான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மிகவும் உதவும்.

லூரில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், 5 அங்குல மென்ரப்பர்ப் புழு. சென்கோ என்ற பெயரில் புகழ்பெற்றது, மற்ற நிறுவனங்களும் அதே வடிவில் செய்கிறார்கள். பார்த்தால் பேனாவைப் போல ஒரு குச்சி, அவ்வளவுதான். ஆனால் உப்புக் கலந்திருப்பதால் ஈயம் இல்லாமலே தாழும், தாழும்போது இரண்டு முனையும் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கம்தான் பாஸை இழுக்கிறது. தெளிந்த தண்ணீருக்குப் பூசணிப்பச்சை, கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. இந்த இரண்டு பொட்டலம் ஒரு கோடைக்குப் போதும்.

இதைக் கொக்கியில் மாட்ட இரண்டு வழி உண்டு. திறந்த தண்ணீர் என்றால் புழுவின் நடுவில் குறுக்காக ஒரு சிறு கொக்கி. இதற்கு 'வாக்கி ரிக்' என்று பெயர். கொக்கி 1 அல்லது 1/0 அளவு. புழு சீக்கிரம் கிழியும் என்பதால் நடுவில் ஒரு சிறு ரப்பர் வளையம் போட்டு அதற்குள் குத்துவார்கள். பாசியும் அல்லி இலையும் உள்ள இடம் என்றால் 3/0 அல்லது 4/0 வளைந்த கழுத்துக் கொக்கி. தலையில் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, கூர்முனையை மறுபடி உடலுக்குள் புதைத்துவிட வேண்டும். முன்னால் 1/8 அவுன்ஸ் தோட்டா வடிவ ஈயம் போட்டால் அதுதான் 'டெக்சாஸ் ரிக்'. பாசிக்குள் போட்டாலும் சிக்காமல் வரும்.

கொக்கி கட்ட முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும், பாலமர். நூலை இரட்டையாக மடித்துக் கொக்கிக் காதுக்குள் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று தளர்வாகப் போட்டு, மீதி வளையத்துக்குள்ளால் கொக்கியை நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். எச்சில் தொடாமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நூல் பலம் இழக்கும்.

இனி வீசும் விதம். புதியவர்கள் வீசிய உடனே சுற்றத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் புழுவுக்கு அது கூடாது. வீசுங்கள், நூலைச் சற்றுத் தளர விடுங்கள், புழு தானாகத் தாழட்டும். கண் நூலில் இருக்க வேண்டும். பெரும்பாலான கொத்து கையில் தெரியாது, நூலில்தான் தெரியும். தளர்ந்த நூல் சுண்டும், பக்கவாட்டில் நகரும், அல்லது தாழ வேண்டிய ஆழத்துக்கு முன்பே நின்றுவிடும். அப்போது தளர்வைச் சுற்றி எடுத்து, தடியைத் தூக்குங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடியில் கொஞ்ச நேரம் கிடக்க விட்டு, தடி நுனியை ஓரடி உயர்த்தி, மறுபடி தாழ விடுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தபின் சுற்றி எடுத்து வேறு இடத்தில் வீசலாம். கை பரபரக்கும்தான், அடக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கே வீசுவது? பாஸில் இரண்டு இனம் இங்கே. பெருவாய்ப் பாஸ் பச்சை நிறம், பக்கத்தில் கறுத்த நீளக்கோடு, வாயின் ஓரம் கண்ணைத் தாண்டிப் போகும். பாசி ஓரம், இறங்குதுறையின் நிழல், விழுந்து கிடக்கும் மரம் இவைதான் அதன் வீடு. சிறுவாய்ப் பாஸ் பித்தளை நிறம், குறுக்குப் பட்டைகள், வாய் கண்ணைத் தாண்டாது. அதற்குக் கல்லும் தெளிந்த தண்ணீரும் பிடிக்கும். ரொறன்ரோ தீவுகளின் உள்வாய்க்கால்களிலும் பிக்கரிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் பேயிலும் பெருவாயைத் தேடலாம். ஆழம் குறைந்து பாசி நிறைந்த ரைஸ் லேக், ஸ்கூகொக் ஏரி இரண்டும் காரில் போய்வரும் தூரம்தான். சிறுவாய்க்குச் சிம்கோ ஏரி பெயர்போனது. அங்கே அது வட்டக் கோபி என்ற வந்தேறிச் சிறுமீனைத் தின்று கொழுக்கிறது. அதனால் கல்லடியில் தத்தித் தத்தி இழுக்கும் பழுப்புப்பச்சை நிறக் குழாய் வடிவ 'ரியூப்' லூர் நன்றாக எடுபடும். ஜூலை, ஆகஸ்டில் விடியலும் மாலையும்தான் நேரம். நண்பகலில் போக வேண்டியிருந்தால் நிழலைத் தேடி வீசுங்கள்.

ஊரில் தவளை குத்தி விரால் பிடித்தவர்களுக்கு ரப்பர்த் தவளை லூர் உடனே பிடித்துப்போகும். அல்லி இலைகளுக்கு மேலே தத்த விட வேண்டும். தண்ணீர் வெடித்ததும் இழுக்காதீர்கள், மீனின் பாரம் கையில் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். இதற்குக் கனத்த தடியும் 50 இறாத்தல் பின்னல் நூலும் வேண்டும் என்பதால் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உயிர் இரையைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், 2022 முதல் சிறுமீன், அட்டைப்பூச்சி ஆகிய இரைகளை, இரைக்கென்றே தனியாகப் பிரித்த வலயம் விட்டு வலயம் கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம். ரப்பர்ப் புழுவுக்கு அந்தத் தலையிடி இல்லை. பாஸுக்குக் கரையில் நிற்கும்போது ஒருவருக்கு ஒரு தூண்டில்தான், இரண்டு தடியைக் குத்தி வைத்துவிட்டு இருக்க முடியாது. அதிகாரி வந்து கேட்டால் அட்டையும் லைசன்ஸும் காட்ட வேண்டும். பிடித்த மீனையும் ஐஸ்பெட்டியையும் பார்ப்பார்.

மீன் வந்ததும் கையை நனைத்துக்கொண்டு, கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கலாம். பாஸின் பல் உப்புத்தாள் போலத்தான், வெட்டாது. ஆனால் அதே பாசிக்குள் பைக் என்ற நீளமூக்கு மீனும் இருக்கும். அதன் வாய்க்குள் விரல் விட்டால் தையல் போட நேரும். பாஸின் முதுகுச் செட்டை முள்ளிலும் கவனம். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்து ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் புல்லுக்குள் நடப்பவர்கள் நீளக் காற்சட்டை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி அங்கே உண்டு.

கறிக்கு எடுப்பதென்றால் சிறியதை எடுத்துப் பெரியதை விடுவதே நல்லது. பெரிய மீனில் பாதரசம் போன்றவை கூடுதலாகச் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசு பட்டியல் வெளியிட்டிருக்கிறது, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனிக் கணக்கு. கரையிலேயே வெட்டி எடுத்துக்கொண்டு போனால், ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விட்டுவையுங்கள், வழியில் சோதித்தால் என்ன மீன், எத்தனை என்று தெரிய வேண்டும். தோலை வீட்டில் உரித்துக்கொள்ளலாம். சதை வெள்ளை, முள் குறைவு. மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசிப் பொரித்தால் நன்றாக இருக்கும், குழம்பில் உடைந்துவிடும்.