வட இங்கிலாந்தில் விட்டுப்போன சொந்தங்களைத் தேடுவது எப்படி?

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 83 வயது. பிறந்தது, வளர்ந்தது, மில்லில் வேலை பார்த்தது எல்லாம் லங்காஷயரில்தான். அவருடைய அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாராம். ஏதோ மனத்தாங்கலில் போக்குவரத்து நின்றுவிட்டது. பெயர்கூடப் பாட்டிக்குத் தெரியாது. அந்தப் பெரியம்மா வழிச் சொந்தத்தைத் தேடிக் கொடுத்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். வட இங்கிலாந்துப் பக்கம் சம்பந்தம் செய்துகொண்ட நம்மவர்களுக்கும், பிள்ளைகளின் வெள்ளைக்காரத் தாத்தா பாட்டி வழியை அறிய விரும்புபவர்களுக்கும் இது உதவும்.

முதல் படி: வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

கணினியை அப்புறம் திறக்கலாம். பழைய புகைப்படங்களின் பின்பக்கம், பைபிளின் முதல் தாள், இரங்கல் அட்டைகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவர்கள் ‘கசின்’ என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அத்தை மகளா, பெரியம்மா மகளா, சித்தப்பா மகளா என்று கேட்டு நம் முறைப்படி குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பதிவுச் சான்றிதழ்கள்

இங்கிலாந்தில் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. ‘ஃப்ரீபிஎம்டி’ தளத்தில் இந்தப் பதிவுகளின் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். ‘ஜெனரல் ரெஜிஸ்டர் ஆபீஸ்’ தளத்தில் கணக்குத் தொடங்கினால் இன்னொரு வசதி: பழைய பிறப்புகளுக்கும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். அப்பாவின் குடும்பப் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டையும் கொடுத்துத் தேடினால் உடன்பிறந்தவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

ஊர்ப் பெயரில் எச்சரிக்கை தேவை. அட்டவணையில் இருப்பது பதிவு மாவட்டம். அக்ரிங்டனில் பிறந்த குழந்தை ஹாஸ்லிங்டன் என்ற மாவட்டத்தின் கீழ் இருக்கும். டாட்மார்டன் இன்னும் சிக்கல். 1888 வரை அந்த ஊரின் ஒரு பாதி லங்காஷயர், மறுபாதி யார்க்‌ஷயர். பழைய எல்லைக்கு மேலேயேதான் நகர மண்டபத்தைக் கட்டியிருக்கிறார்கள். எல்லையோர ஊர் என்றால் இரண்டு கவுன்டியிலும் (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) தேடுங்கள்.

மூன்றாம் படி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பில் 1841 முதல் 1921 வரை பெயரோடு பார்க்கலாம். 1841இல் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 33 வயதுக்காரர் 30 ஆகியிருப்பார். உறவுமுறையும் பிறந்த ஊரும் 1851இலிருந்துதான் கிடைக்கும். டர்ஹாம் கவுன்டியின் நிலக்கரிச் சுரங்கக் குடும்பங்களில் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு ஊரில் பிறந்திருந்தால் குழம்ப வேண்டாம். வேலை தேடிச் சுரங்கம் சுரங்கமாக இடம் மாறியவர்கள் அவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1911. குடும்பத் தலைவர் தன் கையாலேயே நிரப்பிய படிவத்தையே பார்க்கலாம். மணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று அதில் கேட்டிருந்தார்கள். பாட்டியின் தாத்தா 7, 4, 3 என்று எழுதியிருந்தார். மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தது பாட்டிக்கு அன்றுதான் தெரியும். அந்த எண்ணின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். நான் கவனித்தது வேறு: இருப்பவர்கள் நான்கு, வீட்டில் எழுதியிருந்தது மூன்று பெயர். நான்காவது யார்? பிறப்பு அட்டவணையில் பெயர் கிடைத்தது. அதே 1911இல் பிளாக்பூலில் ஒரு விடுதியில் வேலைக்கிருந்தாள், வயது 15. அவள்தான் பெரியம்மா.

நான்காம் படி: பக்கவாட்டில் போங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக மேலே ஏறிக்கொண்டே போவார்கள். கொள்ளுத்தாத்தாவின் தாத்தா வரை கிடைப்பார், உயிரோடு ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். இருக்கும் சொந்தம் வேண்டுமென்றால் உடன்பிறந்தவர்களைப் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். முக்கியமாகப் பெண்களை. கல்யாணத்தில் குடும்பப் பெயர் மாறுவதால் தொலைந்துபோகிறவர்கள் அவர்கள்தான்.

இதற்கு, போர் தொடங்கியதும் மக்களைப் பெயரோடு பதிந்த 1939 பதிவேட்டைப் போல் உதவுவது வேறில்லை. 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் போனது, 1941இல் எடுக்கவே இல்லை. ஆகவே 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த இந்தப் பதிவேடுதான் நடுவில் பாலம். பின்னாளில் தேசிய மருத்துவச் சேவைக்கும் இதையே பயன்படுத்தியதால், கல்யாணமான பெண்களின் பழைய குடும்பப் பெயரை அடித்து மேலே புதிய பெயரை எழுதிவந்தார்கள். பெரியம்மாவின் மகளை அப்படித்தான் கண்டுபிடித்தோம். 1921இல் பிறந்தவர், நெசவு மில் வேலை. பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு, மேலே வேறு மையில் புதுக் குடும்பப் பெயர். பிறந்து நூறு வருடம் ஆகாதவர்களின் வரி பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும்.

1837க்கு முன்னால் போக வேண்டுமா? தேவாலயப் பதிவேடுகள் 1538இல் தொடங்குகின்றன. லங்காஷயருக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் ‘லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்’ இலவசம். டர்ஹாம் மறைமாவட்டத்தில் 1798 முதல் 1812 வரை ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பெற்றோரின் சொந்த ஊரும் இருக்கும். அந்தக் காலகட்டத்தில் உங்கள் குடும்பம் அங்கே இருந்தால் யோகம்தான்.

கடைசிப் படி: கடிதம்

பெரியம்மா மகளின் திருமணம், அவர் பிள்ளைகளின் பிறப்பு, பிறகு வாக்காளர் பட்டியல் என்று வந்தால் முகவரி கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரட்சண்ய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் குடும்பத் தேடல் சேவையைக் கேட்கலாம். முகவரி கிடைத்ததும் நேரே போய்க் கதவைத் தட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்குள் கையால் எழுதுங்கள். நீங்கள் யார், என்ன உறவு, பதில் எழுத விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை. இவ்வளவு போதும். பழைய சண்டையையும் சொத்தையும் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

பாட்டி எழுதியது எட்டே வரி. ஐந்து வாரம் கழித்து பர்ன்லியிலிருந்து பெரியம்மா மகளின் மகன் பதில் போட்டிருந்தார். கூடவே ஒரு புகைப்பட நகல்: நான்கு பிள்ளைகள், கடைக்குட்டி பாட்டியின் அம்மா. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தது அந்த மூத்தவள்.