கொமோடோ டிராகன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசியத் தீவுகளில் வாழும் ராட்சதப் பல்லியான கொமோடோ டிராகனின் வாயெல்லாம் கிருமி, ஒரு கடி கடித்தால் போதும், ரத்தம் கெட்டு இரை செத்துவிடும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். முதலில் விட வேண்டியது இந்தக் கதையைத்தான். 1969-70இல் கொமோடோ தீவிலேயே தங்கி ஆராய்ந்த வால்டர் ஆஃபன்பர்க் அருமையான உழைப்பாளி. ஆனால் கிருமிக் கருத்து பரவ அவருடைய ஆய்வும் ஒரு காரணம். 2009இல் விஷ ஆய்வாளர் பிரையன் ஃப்ரை குழுவினர் டிராகனின் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த விஷம் ரத்தம் உறைவதைத் தடுக்கிறது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. 2013இல் வாய்க் கிருமிகளைச் சோதித்தபோது, மற்ற ஊனுண்ணிகளிடம் இல்லாத எதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

அப்படியானால், டிராகன் கடித்த எருமைகளின் புண் சீழ்பிடித்ததாகச் சொல்கிறார்களே, அது எப்படி? எருமை அந்தத் தீவுகளுக்கு மனிதர்கள் கொண்டுபோன விலங்கு. உடம்பு பெரிதென்பதால் கடிபட்டாலும் தப்பித்து, தேங்கிய சேற்றுத் தண்ணீரில் போய் நிற்கும். திறந்த புண்ணில் அழுக்குத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? ஃப்ரை தரும் விளக்கம் இதுதான், எனக்கும் சரியாகப் படுகிறது. விஷத்தின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் உண்டு. அதற்காகப் பற்களை மறந்துவிடக் கூடாது. ரம்பம் போன்ற அந்தப் பற்களின் விளிம்பில் இரும்புப் பூச்சு இருப்பது 2024இல் தெரியவந்தது. மான் பெரும்பாலும் கிழிபட்ட காயத்திலேயே விழுந்துவிடுகிறது.

அடுத்தது, தீவில் தனித்துப்போனதால்தான் இது இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பது. ஆனால் இதன் புதைபடிவங்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்திருக்கின்றன, அதுவும் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. தீவுக்கு வரும்போதே பெரிய உடம்போடுதான் வந்திருக்கிறது.

குஞ்சுகளையும் பெரியவற்றைப் போலவே தரையில் திரிபவையாக நினைக்காதீர்கள். முட்டையிலிருந்து வந்ததும் மரமேறிவிடும். முதல் சில ஆண்டுகள் பூச்சியும் சிறு பல்லியும் தின்று அங்கேயே காலம் தள்ளும். கீழே இறங்கினால் பெரிய டிராகன்களே தின்றுவிடும்.

ஆண் இல்லாமலே இனம் பெருகும் என்பதும் பாதி உண்மைதான். 2006இல் இங்கிலாந்தின் உயிரியல் பூங்காக்களில் பெண் டிராகன்கள் ஆண் துணையின்றி முட்டையிட்டது தெரியவந்தது. பொரித்தவை எல்லாமே ஆண்கள்! இவற்றின் பாலினக் குரோமோசோம் அமைப்பில் அந்த வழியில் பெண் பிறக்காது.

கடைசியாக, கொமோடோவில் மட்டும்தான் இருக்கிறது என்ற எண்ணம். இது ரிஞ்சா, கிலி மோத்தாங் தீவுகளிலும் ஃபுளோரஸ் தீவின் கரையோரங்களிலும் வாழ்கிறது. பாதார் தீவில் இடையில் இல்லாமல் போனது. அங்கே மான்களை வேட்டையாடித் தீர்த்ததே காரணம் என்று கருதுகிறார்கள். ஃபுளோரஸில் பல இடங்கள் 1980இல் உருவான தேசியப் பூங்காவுக்கு வெளியே இருக்கின்றன. அங்கும் காடு குறைகிறது, மான் வேட்டை நடக்கிறது. எனக்குப் பெரிய கவலை அந்த டிராகன்களைப் பற்றித்தான்.