பழைய மரச்சாமானுக்கு பாலிஷ் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

பாகம் பிரிக்கும்போதோ பழைய வீட்டை இடிக்கும்போதோ ஒரு சாய்வு நாற்காலியோ எழுத்து மேசையோ பேரப்பிள்ளைகள் கைக்கு வந்து சேர்கிறது. அதை விற்காமல், தானே தேய்த்து பாலிஷ் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் பாதியில் கைவிட்டு எங்கள் பட்டறைக்குக் கொண்டு வருகிற சாமான்களைப் பார்த்தால், தொழிலுக்குப் புதிதில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ரேகைக்குக் குறுக்கே உப்புத்தாள் போடக் கூடாது, தூசியைத் துடைக்காமல் பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

காஸ்டிக் சோடா

இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

ஒரு தம்பி பர்மா தேக்கு மேசை ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய தாத்தா கணக்கு எழுதிய மேசை. "அண்ணே, போட்ட பாலிஷ் உரிஞ்சு உரிஞ்சு வருது, நல்ல கம்பெனி எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டார். கம்பெனியில் ஒரு குறையும் இல்லை. பழைய பாலிஷை எடுக்க யாரோ சொன்னதைக் கேட்டு, காஸ்டிக் சோடாவைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து மேசை முழுக்க ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்திருக்கிறார். பத்து நிமிடத்தில் பழைய பாலிஷ் எல்லாம் பழுப்புத் தண்ணீராக ஓடிவிட்டது, அவருக்கும் நிம்மதி. மறுநாள் பார்த்தால் தேக்கு கறுத்துத் திட்டுத் திட்டாக நிற்கிறது. உப்புத்தாள் போட்டு ஓரளவு கறுப்பை எடுத்து, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார். மழை ஆரம்பித்ததும் கால் பொருத்துகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி கிளம்பியிருக்கிறது, வார்னிஷ் தோல் தோலாக உரிந்திருக்கிறது, மேசையும் ஆட ஆரம்பித்திருக்கிறது.

நடந்தது இதுதான். காஸ்டிக் ஒரு கடுமையான காரம். தேக்கில் இயற்கையாக இருக்கிற சத்துகளோடு அது சேர்ந்தால் மரம் கறுக்கும். மேல்பரப்பு நாரும் சிதைந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்து மேசை நாற்காலிகளின் பொருத்துகளை ஒட்டியது வஜ்ஜிரத்தால், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையால். அதை உருக்கித்தான் பூசுவார்கள், எனவே கொதிநீர் பட்டால் அது மறுபடியும் இளகிவிடும். மேசை ஆடியது அதனால்தான். மூன்றாவதுதான் மோசமானது. மரத்தின் துளைகளுக்குள் போன காரம் கழுவினாலும் முழுசாக வெளியே வராது. காய்ந்ததும் மரம் சுத்தமாகிவிட்டது போலத் தெரியும், ஆனால் காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். எண்ணெய் கலந்த வார்னிஷைக் காரம் கீழிருந்தே சோப்பாக மாற்றிவிடுகிறது. வீட்டில் சோப்பு காய்ச்சுகிறவர்கள் எண்ணெயில் காஸ்டிக் ஊற்றிச் செய்வதும் இதே வேலைதான். அப்புறம் எந்த கம்பெனி பாலிஷ் அந்த மேசையில் நிற்கும்?

அந்த மேசையைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால்தான் இதன் விலை புரியும். பொருத்துகளை எல்லாம் பிரித்து, சாதாரணத் தண்ணீரால் பல தடவை கழுவி, வினிகரை நீர்க்கக் கலந்து துடைத்து, மறுபடி தண்ணீரால் துடைத்து, நிழலில் காயவிட்டோம். காரம் போய்விட்டதா என்று பார்க்க மஞ்சள்தான் எங்கள் கருவி. மரத்தில் ஓர் இடத்தை நனைத்து, வெள்ளைக் காகிதத்தை அதில் ஒற்றி எடுத்து, அந்தக் காகிதத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் பயமில்லை. (மஞ்சளை நேராக மரத்தில் தடவிவிடாதீர்கள், அந்தக் கறையை எடுப்பது தனி வேலை.) மிச்சமிருந்த கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலம். அது விஷம். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், காய்ந்த பிறகு அந்தப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் மேசையின் ஒரு கால் மற்ற மூன்றின் நிறத்துக்கு வரவே இல்லை.

எனக்கு எரிச்சல் ஏன் என்றால், இதில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது. தாத்தா காலத்து சாமானில் பெரும்பாலும் இருப்பது ஃபிரெஞ்சு பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஸ்பிரிட்டில் கரைந்து வந்தது ஸ்பிரிட்டிலேயே கரைந்து போகும். பருத்தித் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு சாண் இடத்தில் போட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, மெல்லிய ஸ்டீல் வுல்லால் ரேகையோடு துடைத்தால் பாலிஷ் கூழாக வந்துவிடும். மரத்தின் நிறம் மாறாது, பொருத்தும் இளகாது. மேசை முழுக்க முடிக்க ஒரு பகல் ஆகும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் வேண்டாம்.

மேலே இருப்பது என்ன என்று பார்க்காமலே தொடங்குவது

மேசையைக் கவிழ்த்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்சி லேக்கர், அதாவது தின்னரில் கரைத்து அடிக்கிற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) மாதிரி செயற்கைப் பூச்சு, அல்லது நன்றாக இறுகிப்போன வார்னிஷ். அதற்கு ஸ்கிரேப்பரும் பொறுமையும் வேண்டும். இதைச் செய்யாமல் பழைய ஃபிரெஞ்சு பாலிஷ் மேலேயே பியூ அடிக்கிறார்கள். சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, பியூ அதில் சரியாகப் பிடிக்காது. சில மாதத்தில் நகத்தால் சுரண்டினாலே ஏடு ஏடாக வரும்.

பாலிஷ் நன்றாகவே இருந்து பளபளப்பு மட்டும் போயிருந்தால் எதையும் எடுக்க வேண்டாம். அரக்கு மேல் புது அரக்கு கரைந்து ஒன்றாகிவிடும். அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு இரண்டு கை மெல்லியதாக ஓட்டினால் போதும். நூறு வருஷத்து நிறத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த நிறத்துக்காகக் கடையில் ஸ்டெயின் (மரச் சாயம்) வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

பழைய பச்சை, நீல பெயின்டைத் தேய்ப்பது

பழைய அலமாரி, கதவுகளில் பெயின்டுக்கு மேல் பெயின்டாக நாலைந்து பூச்சு இருக்கும். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மெஷினும் வேண்டாம். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டு பெயின்டுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற ஈய உச்சவரம்பு 2016-இல் விதியாக வந்து 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அந்தத் தூசி குழந்தைகள் இருக்கிற வீட்டில் பறக்கவே கூடாது. ஜெல் ரிமூவர் பூசி ஈரமாகவே வழித்தெடுங்கள், வழித்ததைக் காகிதத்தில் மடித்துக் கட்டுங்கள். ரிமூவர் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் மூடிய அறையில் திறக்காதீர்கள். அதன் ஆவியில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் வீட்டு உபயோகத்துக்கு விற்கவே தடை போட்டார்கள்.

தேங்காய் எண்ணெய்

ஊஞ்சல் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்கு மின்னும். ஆனால் அது காயாத எண்ணெய். மரத்திலேயே கிடந்து தூசியைப் பிடித்துக் கறுப்பாகும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், பிற்பாடு எந்த பாலிஷையும் ஒட்ட விடாது. எண்ணெய்தான் வேண்டும் என்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் வாங்குங்கள். அது காற்றுபட்டு இறுகும். மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

ஈட்டி மரத்துக்கு ஸ்டெயின்

வேண்டாம்.

வெனீரில் மெஷின்

வெனீர், அதாவது மேலே ஒட்டிய மரத்தகடு, தாள் கனம்தான் இருக்கும். தேய்க்கிற மெஷினை வைக்காதீர்கள்.

அடைமழையில் பாலிஷ்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் என்சி லேக்கர் அடித்தால் பால் ஊற்றியது போல வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் தங்கிவிடுகிறது. வெயில் வரும்வரை பொறுங்கள். ஏற்கெனவே வெளுத்துவிட்டது என்றால் உடனே சுரண்ட வேண்டாம். காய்ந்த நாளில் மெதுவாக ஆவியாகிற ரிடார்டர் தின்னரை லேசாக ஸ்பிரே செய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பசைக் கசிவு

பொருத்தில் பிதுங்கிய ஃபெவிகாலை ஈரத்துணியால் அப்போதே துடையுங்கள். காய்ந்த இடத்தில் ஸ்டெயின் ஏறாது.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடுவது

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவருகிறது, சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் என்றால் பட்டறையே போய்விடும். வேலை முடிந்ததும் துணியை விரித்து, வீட்டுக்கு வெளியே தனியாகத் தொங்கவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த வாளியில் முக்கி வையுங்கள். அட்டை மாதிரி விறைத்த பிறகு குப்பையில் போடலாம்.